பவுடர் கோட்டிங்: பொடியா, துகளா, சுண்ணமா?

தொகுப்பாளர் எழுதியது:
அன்புள்ள குழுமத்தாருக்கு, பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கையேட்டில் ஐந்தாம் இயலில் நிற்கிறேன். வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகப் பவுடர் கோட்டிங் (இரும்பில் தூள் அடித்து, சூட்டில் உருக்கிப் பூச்சாக்குவது) தொடங்குவது பற்றியது. இப்போதைக்குப் 'பொடிப்பூச்சு' என்று போட்டிருக்கிறேன். பூச்சைச் சூட்டில் இறுகவைக்கும் க்யூரிங், அதற்கான ஓவன் இரண்டுக்கும் சொல் வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

கரந்தை:
பொடி என்றால் எங்கள் பக்கம் மூக்குப்பொடிதான். பொடியன், பொடிநடை என்று சிறுமைப் பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிலப்பதிகாரத்தில், இந்திரவிழவூர் எடுத்த காதையில், 'வண்ணமும் சுண்ணமும் தண்ணறும் சாந்தமும்' தெருத்தெருவாக விற்கிறார்கள். வண்ணத்தை அடுத்தே சுண்ணம் நிற்கிறது. 'சுண்ணப்பூச்சு' என்க.

தறிகாரன்:
சுண்ணம் யார் வீட்டுப் பிள்ளை? சூர்ணம் பிராகிருதத்தில் நுழைந்து சுண்ணமாகி இங்கே வந்தது. அது போகட்டும், மாணவன் சுண்ணாம்படிப்பு என்றல்லவா படிப்பான்? நீறு நம்முடையது. 'நீற்றுப்பூச்சு'.

அம்பத்தூரான்:
நீற்றுப்பூச்சு என்றால் பையன் நேரே சிவன் கோயிலுக்குப் போவான். பட்டறையில் நாங்கள் 'பவுடர் அடிக்கிறது' என்போம். தூள் அடிக்கும் கன் அந்தத் தூளுக்கு மின்னேற்றம் கொடுக்கிறது. எர்த் செய்த இரும்பில் அது போய் ஒட்டுகிறது. அந்த நிலையில் விரலால் தொட்டாலே வந்துவிடும். ஓவனில் உருகி, இறுகினால்தான் பூச்சு. அடிப்பது வேறு, பூச்சு வேறு. சொல்லில் அது தெரியட்டும்.

கரந்தை:
தூவுவதற்கும் சான்று உண்டு. 'எண்ணெய் சுண்ணம் எதிரெதிர் தூவிட' என்கிறார் பெரியாழ்வார்.

அம்பத்தூரான்:
ஆழ்வார் எண்ணெயோடு தூவினார், முற்றம் சேறானது. எங்களுக்கு எண்ணெய்தான் முதல் எதிரி. கைரேகை பட்ட இடத்தில்கூடப் பூச்சு பிடிக்காமல் போகலாம். முதலில் பிசுக்கு எடுக்கணும், துரு சுரண்டணும், அப்புறம் வெறுங்கையால் தொடக்கூடாது. இன்னொன்று, தொங்கவிடும் கொக்கி. போன தடவை அடித்த பூச்சு அதில் ஏறியிருந்தால் எர்த் கிடைக்காது, தூள் ஒட்டாமல் கீழே கொட்டும். கொக்கி நுனியை வெறும் இரும்பு தெரியச் சுரண்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் எழுதாமல் சுண்ணம் பற்றி நாலு மடலா?

வன்னியான்:
ஓவனுக்கு எங்கட ஊரில் 'போறணை' எண்டு சொல்லுறது. பாண் சுடுற போறணை.

தறிகாரன்:
போர்த்துக்கேயர் விட்டுப்போனது அது. 'வெதுப்பி' இருக்கிறதே.

அம்பத்தூரான்:
போறணை, வெதுப்பி இரண்டும் சாப்பாட்டு நினைப்பையே தருகின்றன. புதிதாகத் தொடங்குகிறவன் செய்யும் பெரிய தப்பே சமையலறை ஓவனைக் கடன் வாங்குவது. ஒருமுறை இதற்குப் பயன்படுத்தினால் அதில் மறுபடி உணவு வைக்கவே கூடாது. காற்றில் மிதக்கும் தூள் நெருப்புப் பொறி பட்டால் குப்பென்று பற்றும், ஆகவே பக்கத்தில் கேஸ் அடுப்பும் ஆகாது. முகக்கவசமும் கட்டாயம். 'சூளை' என்று போடுங்கள். செங்கல் சூளையில் எவனும் கேக் வைக்க மாட்டான்.

தொகுப்பாளர்:
சூளை எனக்கும் பிடித்திருக்கிறது. க்யூரிங்?

தறிகாரன்:
'பதமாக்கல்'.

அம்பத்தூரான்:
பதம் என்றால் கண்ணால் பார்த்து இறக்குவது. இங்கே கணக்கு உண்டு. பெரும்பாலான தூளுக்கு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், 10 முதல் 20 நிமிடம். நேரத்தை இரும்பே அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் எண்ணணும், ஓவன் முள்ளைப் பார்த்து அல்ல. கனமான வார்ப்பு சூடேற நேரமாகும். குறைவாகச் சுட்டால் பார்க்கப் பளபளவென்று இருக்கும், தட்டினால் சில்லு சில்லாகப் பெயரும். 'சுட்டிறுக்கல்' சரிப்படும்.

வன்னியான்:
எபாக்சி எண்ட தூள் வகைக்கு என்ன சொல்? வெயிலில் நிற்கிற கேட்டுக்கு அதை அடித்தால் வெளிறிப்போகும், பொலியெஸ்டர் தூள்தான் வேணும் எண்டு எழுதவேணும்.

தொகுப்பாளர்:
அவை அப்படியே இருக்கட்டும், கெஞ்சிக் கேட்கிறேன். முதல் சொல்லுக்கு வருவோம். துகள்பூச்சு?

கரந்தை:
துகட்பூச்சு. 'லள வேற்றுமையில் றடவும்' என்பது நன்னூல்; ள் இங்கே ட் ஆகும். துகளால் ஆகிய பூச்சு, வேற்றுமைத் தொகை. முட்செடி என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் கசக்கிறது?

அம்பத்தூரான்:
துகட்பூச்சு என்று பலகை வைத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

தறிகாரன்:
பொருள் விளங்க ளகரத்தை விட்டுவைப்பது இன்று வழக்கம். நீறு போனதில் எனக்கு வருத்தம்தான், இருந்தாலும் துகள்பூச்சுக்கே என் வாக்கு.

வன்னியான்:
எனக்கும் அதுவே.

தொகுப்பாளர்:
நன்றி. துகள்பூச்சு, சுட்டிறுக்கல், சூளை. முதல் பக்கத்தில் மட்டும் 'பவுடர் கோட்டிங் எனப்படும் துகள்பூச்சு' என்று போடுகிறேன். கொக்கி விஷயம் தனிப் பெட்டியில் வருகிறது.

கரந்தை:
ட் இல்லாமல் அச்சேறுவதானால் நன்றியுரையில் என் பெயர் வேண்டாம். 'தூட்பூச்சு' பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.