பிரெஞ்சுக் கூட்டு வணிகமும் தரவுச் சட்டமும்: ‘தரவுப் பொறுப்பாளி’ பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாரிஸில் லா ஷப்பெல் பக்கம் கடை நடத்தும் நம்மவர்களுக்காக, தனிநபர் தரவுப் பாதுகாப்பு பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 1978 ஜனவரி 6ஆம் தேதிப் பிரெஞ்சுச் சட்டம், 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய விதிமுறை, இரண்டையும் கண்காணிக்கும் ‘க்னில்’ ஆணையம் ஆகியவற்றை விளக்குவது கடினமாக இல்லை. ‘ரெஸ்போன்சாப்ல் து த்ரெத்மான்’, அதாவது தரவை எதற்காக, எப்படிக் கையாள்வது என்று தீர்மானிப்பவர், என்ற சொல்லில்தான் வேலை நிற்கிறது. பதிவேடு வைப்பது, வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்வது, கசிவு நேர்ந்தால் அறிவிப்பது என்று பெரும்பாலான கடமைகள் அவர்மேல்தான் விழுகின்றன. அந்தப் பெயர் பிசகினால் கையேடே பிசகிவிடும்.

இதற்குத் தமிழில் முதலில் மனதில் வந்த ‘தரவுக் கட்டுப்பாட்டாளர்’ ஆங்கில வழி வந்தது. விதிமுறையின் 4ஆம் பிரிவு கேட்பது வேறு: எதற்காக, எப்படி என்று தீர்மானிப்பவர் யார்? தரவு அவர் கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஃபேஸ்புக் பக்கம் ஒன்றை நடத்திய ஜெர்மன் நிறுவனம், பார்வையாளர் தரவை ஃபேஸ்புக் கையாள்வதற்குத் தான் பொறுப்பல்ல என்று வாதாடியது. அதுவும் ஃபேஸ்புக்குடன் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூன் 5இல் தீர்ப்பளித்தது. ‘கட்டுப்பாட்டாளர்’ என்று எழுதினால், தரவைக் கையில் வைத்திருப்பவர் என்றுதான் கடைக்காரர் புரிந்துகொள்வார்.

அடுத்து வந்த ‘பொறுப்பாளர்’ பிரெஞ்சுச் சொல்லுக்கு நெருங்கியது. ஆனால் நம்மிடம் பொறுப்பாளர் என்றால் கிளைப் பொறுப்பாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர் என்று ஓர் ஆள். கல்லாவில் இருக்கும் தம்பியை நியமித்துவிட்டால் போதும் என்ற எண்ணம் வரும். சட்டம் பெரும்பாலும் சுட்டுவது ஆளை அல்ல, நிறுவனத்தை.

கூட்டு வணிகத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். பிரான்சில் புகையிலைக் கடையைத் தனி ஆளாக நடத்தலாம், இல்லையென்றால் ‘சோசியெத்தே ஆன் நோம் கொலெக்தீஃப்’ (கூட்டாளிகள் எல்லோரும் கடனுக்கு முழுப்பொறுப்பு ஏற்கும் நிறுவனம்) ஆக நடத்தலாம், வேறு வடிவம் கிடையாது. அண்ணனும் தம்பியும் அப்படி ஒரு கடை நடத்துகிறார்கள், கேமரா வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவான நாள் முதல் அந்த நிறுவனத்துக்குத் தனிச் சட்ட ஆளுமை உண்டு. ஆகவே கேமராப் பதிவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற கடமையும், பதிவுப் பெட்டி திருட்டுப் போய் ஆட்களுக்குப் பாதிப்பு வரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் க்னிலுக்கு அறிவிக்கும் கடமையும் நிறுவனத்துடையவை. அண்ணனுடையதும் அல்ல, தம்பியுடையதும் அல்ல. கடன் மட்டும் வேறு வழியில் போகிறது. நிறுவனத்திடம் முறைப்படி கேட்டும் கிடைக்காவிட்டால், கடன் கொடுத்தவர் கூட்டாளிகளில் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். சொந்தச் சொத்துக்கும் விலக்கில்லை.

இந்த வடிவத்தை ‘கூட்டாண்மை’ என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கவில்லை. இந்தியாவில் 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாண்மை என்பது கூட்டாளிகளே. அவர்களுக்கு வெளியே தனி ஆளுமை இல்லை. அந்த நினைவோடு படிப்பவர் பிரெஞ்சு நிறுவனத்தையும் அப்படியே நினைத்துவிடுவார். ‘முழுப்பொறுப்புக் குழுமம்’ என்றால் தனி ஆளுமையும் தெரிகிறது, சொந்தச் சொத்து வரை பாயும் பொறுப்பும் தெரிகிறது.

இதற்கு நேர்மாறானது ‘சோசியெத்தே ஆன் பார்த்திசிபாசியோன்’. பதிவு கிடையாது, சட்ட ஆளுமை கிடையாது. இருவர் சேர்ந்து விருந்துச் சமையல் எடுத்து நடத்துகிறார்கள். ஒருவர் முன்னால் நின்று ஒப்பந்தம் போடுகிறார், மற்றவர் பின்னால் இருக்கிறார். பிரெஞ்சுக் குடியியல் சட்டப்படி யார் தன் பெயரில் ஒப்பந்தம் செய்தாரோ அவர்தான் வெளியாருக்குக் கட்டுப்பட்டவர். மற்றவரும் கூட்டாளி என்று வெளியாருக்குத் தெரியும்படி நடந்துகொண்டால் அவரையும் பிடிக்க முடியும். அதாவது, மறைந்திருக்க வணிகச் சட்டம் இடம் தருகிறது. தரவுச் சட்டம் அப்படி இடம் தருவதில்லை. வாடிக்கையாளர் பட்டியலை எதற்குப் பயன்படுத்துவது என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தால், ஐரோப்பிய விதிமுறையின் 26ஆம் பிரிவின்படி இருவருமே பொறுப்பு. யார் எந்தக் கடமையைச் செய்வது என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டாக வேண்டும். என்ன ஒப்புக்கொண்டாலும், வாடிக்கையாளர் தன் உரிமையை இருவரில் யாரிடமும் கோரலாம். இதை ‘பதிவில்லாக் கூட்டாண்மை’ என்கிறேன். இங்கே கூட்டாண்மை என்ற சொல் சரியாகவே உட்காருகிறது.

இனி என் முன்மொழிவு: ‘தரவுப் பொறுப்பாளி’. கடனாளி என்றால் ஆளாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். ‘கடனாளி நிறுவனம்’ என்று எழுதினால் யாருக்கும் உறுத்துவதில்லை. அதே விகுதி இங்கேயும் பொருந்தும். ‘தரவுப் பொறுப்பாளி யார்? உங்கள் நிறுவனம்’ என்று கையேட்டில் இயல்பாக எழுத முடிகிறது.

சேர்ந்து முடிவெடுப்பவர்களை ‘கூட்டுப் பொறுப்பாளிகள்’ என்று சொல்லத்தான் நானும் நினைத்தேன். ஆனால் கூட்டாளிகளின் கடன் பொறுப்பையே ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று பத்திரங்களில் எழுதுகிறோம். இரண்டும் குழம்பும். புகையிலைக் கடை அண்ணன் தம்பி கடனுக்குக் கூட்டுப் பொறுப்பு. தரவு விஷயத்தில் அப்படி இல்லை. ‘இணை’ என்றாலோ இணை ஆணையர், இணை இயக்குநர் போல ஒரு படி கீழே நிற்பவர் என்று தொனிக்கும். அதனால் ‘உடன்பொறுப்பாளிகள்’ என்பதே என் தேர்வு. அவரவர் பங்கு சமமாக இருக்க வேண்டியதில்லை என்று 2018 தீர்ப்பு சொல்வதற்கும் இது இடம் தருகிறது.

‘த்ரெத்மான்’ என்பதற்குச் ‘செயலாக்கம்’ வேண்டாம், ‘கையாளுகை’ போதும். செயலாக்கம் என்றதும் கணினிதான் நினைவுக்கு வரும். பெயர் வரிசைப்படி வைத்திருக்கும் கடன் நோட்டும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

‘சூ-த்ரெத்தான்’தான் எனக்கு இன்னும் தீரவில்லை. பிரெஞ்சில் கட்டட வேலையின் துணை ஒப்பந்ததாரருக்கும் அதே சொல்தான், ஆனால் இங்கே பொருள் வேறு: பொறுப்பாளியின் சார்பில், அவர் எழுத்தில் தந்த அறிவுறுத்தலின்படி தரவைக் கையாள்பவர். சம்பளக் கணக்கு போட்டுத் தரும் வெளி நிறுவனம் ஓர் உதாரணம். அந்த நிறுவனம் தன் விருப்பத்துக்கு நோக்கத்தை முடிவு செய்துகொண்டால், அந்த அளவில் அதுவே பொறுப்பாளியாகிவிடும். ‘சார்புக் கையாளர்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். ‘கையாள்’ என்ற பேச்சு வழக்கின் நிழல் அதில் விழுகிறதோ என்று தயங்குகிறேன். ஈழ வழக்கில் இது எப்படிக் கேட்கும் என்று அங்குள்ளவர்கள் சொல்லுங்கள். கையேட்டைப் படிக்கப் போகிறவர்களில் பலர் அவர்கள்தான்.