நாணயம் வைத்த முதல் நாள் உறைகள்: நாணயத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யலாமா?

கேள்வி

வணக்கம். பெரியப்பா காலமான பிறகு அவருடைய அலமாரியை ஒழித்தபோது இரண்டு அட்டைப்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே 41 உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாணயமோ பதக்கமோ இருக்கிறது, அதே பொருளில் வந்த தபால்தலை ஒட்டி, அது வெளியான முதல் நாளின் முத்திரை குத்தியிருக்கிறது. அவர் தபால்தலை சேர்ப்பார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாணயமும் தபால்தலையும் சேர்ந்த உறை என்று தனியாக ஒரு வகை இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். சில ரப்பர்கள் இளகி உறையோடு ஒட்டிவிட்டன. பார்த்தவரை உள்ளவை: கென்னடி அரை டாலர் வைத்த உறைகள் 2, சர்ச்சில் உருவம் பொறித்த கிரவுன் என்ற பிரிட்டிஷ் நாணயம் ஒன்று, 1972ஆம் ஆண்டு வாஷிங்டன் வெண்கலப் பதக்கம் ஒன்று, ஃபிராங்க்ளின் மின்ட் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனம் 1970களில் வெளியிட்ட வெள்ளிப் பதக்கங்கள் நிறைய. வெள்ளி எல்லாம் ஓரத்திலிருந்து கறுத்திருக்கிறது. மெத்தென்ற பிளாஸ்டிக் பையில் இருந்த ஒரு நாணயத்தின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு.

ஒரு வியாபாரியிடம் காட்டினேன். வெள்ளியைப் பிரித்து எடை போட்டு விற்றுவிடுங்கள், கவருக்கு மதிப்பில்லை என்றார். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. பெரியப்பா வைத்திருந்தபடியே வைத்துக்கொள்ள ஆசை. நாணயங்களை எடுத்துத் துடைக்கலாமா? இவை அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1

முதல் வேலை ரப்பர் பேண்டை எடுப்பதுதான். இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டிவிட்டு மெல்ல உரியுங்கள். ஒட்டிக்கொண்ட இடத்தை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். ரப்பரில் கந்தகம் உண்டு, வெள்ளி கறுப்பதற்கு அதுவே போதும். வெள்ளிப் பாலிஷ் பக்கமே போக வேண்டாம்.

பதில் 2

நான் இந்த உறைகளை மட்டுமே இருபத்தாறு வருடமாகச் சேர்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிரிக்காதீர்கள். வெள்ளிக்கு எடை விலை எப்போதும் கிடைக்கும், ஆனால் பிரித்த உறையை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. நாணயம், தபால்தலை, முத்திரை மூன்றும் சேர்ந்தால்தான் அது ஒரு பொருள். நாணயம் போனால் மிஞ்சுவது ஓட்டை விழுந்த கவர்.

அசலா என்று பார்ப்பதற்கு நான் முதலில் பார்ப்பது தேதிகளை. கென்னடியை எடுத்துக்கொள்ளுங்கள். அரை டாலர் புழக்கத்துக்கு வந்தது 1964 மார்ச் 24. ஐந்து சென்ட் தபால்தலை பாஸ்டனில் வெளியானது மே 29, அவருடைய பிறந்தநாள். ஆக, மே 29 முத்திரையோடு நாணயம் இருப்பதில் முரண் இல்லை. ஆனால் நாணயத்தில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 1964 என்றால் 90 சதவீத வெள்ளி. 1965 முதல் 1970 வரை உள்ளவை 40 சதவீதம்தான். 1964 முத்திரை குத்திய உறைக்குள் 1965 அல்லது அதற்குப் பிந்தைய நாணயம் இருந்தால் யாரோ பின்னால் வைத்தது என்று அர்த்தம்.

சர்ச்சில் வேறு மாதிரி. தபால்தலைகள் 1965 ஜூலை 8 அன்று வந்துவிட்டன, கிரவுன் அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் வந்தது. எனவே ஜூலை 8 முத்திரையுள்ள உறையில் கிரவுன் இருந்தால், நாணயம் பிறகு சேர்ந்தது. அதை மோசடி என்று சொல்லிவிட முடியாது, உறை தயாரித்தவர்களே அப்படிச் சேர்த்திருக்கலாம். வாங்குபவரிடம் மறைத்தால்தான் தப்பு. இன்னொன்று, அந்த கிரவுன் ஏறக்குறைய 1 கோடியே 96 லட்சம் அடிக்கப்பட்டது. அபூர்வம் என்று யாராவது விலை சொன்னால் நம்ப வேண்டாம்.

உங்களிடம் உள்ள 1972 வாஷிங்டன் உறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200ஆம் ஆண்டுக்காக நாணயச்சாலையும் தபால் துறையும் சேர்ந்தே கொண்டுவந்த வரிசையின் முதல் உறை அது. வில்லியம்ஸ்பர்க்கில் ஜூலை 4 அன்று வெளியான நான்கு எட்டு சென்ட் தபால்தலைகள் இருக்கும்: கண்ணாடி செய்பவர், வெள்ளி வேலைக்காரர், விக் செய்பவர், தொப்பி செய்பவர். அந்த வரிசை 1976 வரை வருடத்துக்கு ஒன்றாக வந்தது. இதில் பதக்கமும் தபால்தலையும் ஒன்றுக்காக ஒன்று தயாரானவை, பின்னால் கூட்டிவைத்த ஜோடி இல்லை. மற்ற நான்கும் பெட்டியில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

இன்னொரு சோதனை, நாணயம் உட்காரும் ஓட்டை. கென்னடி அரை டாலர் 30.6 மில்லிமீட்டர், கிரவுன் 38.6. அட்டையில் வெட்டிய வட்டத்தில் நாணயம் லொடலொடவென்று ஆடினாலோ, பின்பக்க மடிப்பில் இரண்டாம் முறை பசை தடவிய தடம் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

கறுத்த வெள்ளியை அப்படியே விடுங்கள். மேலே படிந்திருப்பது வெள்ளி சல்பைடு. அதைத் தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து பதக்கத்தின் கண்ணாடிப் பளபளப்பும் போய்விடும். ஆரம்பத்தில் நான் ஒரு பதக்கத்தை மெல்லிய துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். அந்தக் கீறல்கள் இன்றும் வெளிச்சத்தில் தெரிகின்றன, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனசு வலிக்கிறது.

பதில் 3

மேலே சொன்னதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தப் பச்சைப் பிசுபிசுப்பை விட்டுவைக்கக் கூடாது. அது பிவிசி பிளாஸ்டிக்கின் வேலை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் கசியும், கூடவே அமிலமும் வெளியேறிச் செம்பைத் தின்னும். நாணயத்தோடு நிற்காமல் காகிதத்திலும் ஊறும். பையை உடனே கழற்றிவிடுங்கள்.

நாணயம் பை வழியாகவே வெளியே வருகிற அமைப்பு என்றால், எடுத்துச் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் உலரவிடலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் இதற்கு ஆகாது, அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணம், திறந்த ஜன்னல், பக்கத்தில் நெருப்பு கூடாது. உறையைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள், ஒரு சொட்டுப் பட்டாலும் மை கரைந்துவிடும். நாணயம் அட்டைக்குள் ஒட்டி மூடியிருந்தால் மட்டும் பிரிக்க வேண்டாம், வெளிப்பையை மாற்றினால் போதும்.

புதுப் பை பாலியெஸ்டராகவோ பாலிப்ரொப்பிலீனாகவோ இருக்கட்டும். பெட்டியில் நிற்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் அமிலமில்லாத அட்டை. ஒன்றை நேராக, அடுத்ததைத் தலைகீழாக வையுங்கள். இல்லையென்றால் எல்லா நாணயமும் ஒரே பக்கம் குவிந்து பக்கத்து உறையில் வட்டம் பதிந்துவிடும். படம் எடுக்க ஸ்கேனர் வேண்டாம், மூடி அழுத்தும். கேமரா போதும்.

கேட்டவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரப்பரை எல்லாம் வெட்டியாயிற்று. பச்சை படிந்தது ஒரு செம்பு-நிக்கல் நாணயம்தான், பையிலேயே தனியாக இருந்ததால் அசிட்டோனில் போட்டேன், பிசுபிசுப்பு போய்விட்டது. கீழே லேசான குழிகள் இருக்கின்றன. வாஷிங்டன் வரிசையில் 1973, 1974 கிடைத்தன, மற்ற இரண்டும் இல்லை.

கென்னடி உறைகளைப் பார்த்தேன். இரண்டிலும் மே 29 பாஸ்டன் முத்திரை. ஒன்றில் 1964 நாணயம், இன்னொன்றில் 1967. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அப்புறம் உறையின் பின்மடிப்பைத் திருப்பினால் பென்சிலில் பெரியப்பாவின் கையெழுத்து: "நாணயம் நான் பின்னர் வைத்தது." இதை என்ன செய்வது?

பதில் 2

பென்சிலை அழிக்காதீர்கள். உறையோடு அப்படியே பையில் போடுங்கள். 1964 நாணயம் ஒன்று வாங்கி மாற்றவும் வேண்டாம். என்னுடைய இருபத்தாறு வருடத்தில் இப்படி எழுதிவைத்த ஒரு உறையை நான் பார்த்ததில்லை. முடிந்தால் பின்பக்கத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பார்க்க ஆசை.