எல்க் வேட்டைக்கு ஈயக் கானிக்கல்: விரிவையும் ஊடுருவலையும் எப்படிச் சோதிப்பது?

பாறைமலை:
அமெரிக்காவின் கொலராடோவில் செப்டம்பர் மாத மசில்லோடர் (வாய்வழி மருந்தும் குண்டும் திணிக்கும் துப்பாக்கி) பருவம், எல்க் (பெரிய மான்) வேட்டை. அங்கே சபோ (குண்டைச் சுற்றும் பிளாஸ்டிக் உறை) கூடாது, பெல்லட் மருந்து (வில்லையாக அழுத்திய வெடிமருந்து) கூடாது, ஸ்கோப் (தொலைநோக்கிக் குறி) கூடாது. குண்டின் நீளமும் விட்டத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஆக, குழாய் அளவுக்கே வார்த்த ஈயக் கானிக்கல்தான் (உருண்டையாக இல்லாத நீளக் குண்டு) வழி. துப்பாக்கி 0.50 காலிபர் (குழாயின் உள்விட்டம், அங்குலத்தில்), குழாயின் உள்வரிகள் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு 385 கிரெய்ன் (சுமார் 15.4 கிரெய்ன் ஒரு கிராம்), மருந்து அளவுக்குழாயில் 90 கிரெய்ன்.

கையில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று தூய ஈயம், மூக்கில் குழி. இன்னொன்று 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தது, தட்டை மூக்கு. 25 கெஜத்தில் தண்ணீர் கேன்களை வரிசையாக வைத்துச் சுட்டு, எது நன்றாக விரிகிறது, எத்தனை கேன் துளைக்கிறது என்று பார்த்து முடிவெடுத்தால் போதுமா? 100 கெஜத்தில் நிற்கும் மிருகத்துக்கும் அந்த முடிவு பொருந்துமா? தசைக்குப் பதிலாக வைத்துச் சுடும் ஜெலட்டின் கட்டிதான் சரி என்றால் அளவு, பக்குவம் எல்லாம் சொல்லுங்கள்.

ஈயம்327:
25 கெஜத்துச் சோதனை 25 கெஜத்துக்கான பதிலை மட்டும்தான் தரும். நீங்கள் சொன்ன குண்டும் மருந்தும் குழாய்வாயில் ஏறக்குறைய 1,400 அடி/வினாடி தரும். 100 கெஜம் போவதற்குள் அது 1,100 பக்கம் இறங்கிவிடும். குழி மூக்குக் குண்டு 1,350-இல் அழகாகப் பூத்து, 1,100-இல் மூக்கு சற்றே மழுங்கியதோடு நின்றுவிடலாம். வெள்ளீயம் கலந்த கெட்டி ஈயம் இன்னும் மோசம். அதனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது குண்டு அல்ல, போய்ப் படும் வேகம். எவ்வளவு தூரம் வரை சுடுவீர்கள், அங்கே வேகம் என்ன என்பதைக் குரோனோகிராஃபில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளந்து, பிறகு சோதனைக்கு இறங்குங்கள்.

அந்த வேகத்தை எட்ட இரண்டு வழிகள். உண்மையிலேயே 100 கெஜத்தில் சுடலாம். ஆனால் திறந்த குறியை வைத்துக்கொண்டு 6 அங்குல முகம் உள்ள ஜெலட்டின் கட்டியின் நடுவில் ஒவ்வொரு முறையும் போடுவது கடினம். ஓரத்தில் பட்டால் குண்டு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வெளியேறிவிடும், ஒரு கட்டி வீண். இன்னொரு வழி, மருந்தைக் குறைத்துப் பக்கத்தில் சுடுவது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

மருந்து குறைந்தால் குண்டு இன்னும் ஆழத்தில் போய் உட்கார வேண்டும். குண்டைக் குழாய்க்குள் தள்ளிக் கெட்டிக்கும் கோலில் வழக்கமான அளவுக்குப் போட்ட கோடு இப்போது உதவாது, புதுக்கோடு போடுங்கள். பழைய கோட்டோடு நிறுத்தினால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். குழாய் புடைக்கவோ பிளக்கவோ அது ஒன்றே போதும்.

அடுத்து, கானிக்கலின் அடிப்பாகம் மருந்தின் அழுத்தத்தில் புடைத்துத்தான் குழாயின் வரிகளைப் பிடிக்கிறது. ரொம்பக் குறைத்தால் புடைப்பு வராது, வாயு பக்கவாட்டில் கசியும், வேகம் வெடிக்கு வெடி தாவும், குண்டும் தள்ளாடிக்கொண்டே போய்ப் படும். 20:1 கலவையில் இது சீக்கிரமே தெரியும். எதிரே ஒரு தாளை வைத்துச் சுடுங்கள். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் அந்த வெடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, சுழற்சி. 28-க்கு ஒன்று என்ற சுற்றில் 1,400 அடி/வினாடி என்றால் வினாடிக்கு 600 சுழற்சி. பறக்கும்போது வேகம் இறங்கும் அளவுக்குச் சுழற்சி இறங்காது. 100 கெஜத்திலும் கிட்டத்தட்ட அதே 600 இருக்கும். மருந்தைக் குறைத்து 1,100-இல் சுட்டால் கிடைப்பது 471தான். ஈயக் கானிக்கலில் இதனால் விரிவு பெரிதாக மாறாது. என்றாலும் குறைத்த மருந்தில் தேர்ந்தெடுத்த குண்டை ஒரு முறையாவது முழு மருந்தில், உண்மையான தூரத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றி: குழி மூக்கு விரிய அதைவிடத் தோதான பொருள் கிடையாது. குழிக்குள் உடனே நிரம்பி உள்ளிருந்து வெளியே தள்ளும். ஆகவே 1,100-இல் தண்ணீரில் விரியாத குண்டு நுரையீரலில் விரியும் என்று எதிர்பார்க்க முடியாது, அதைத் தள்ளிவிடலாம். தண்ணீரில் விரிந்துவிட்டது என்பதற்காகத் தேர்ந்தெடுக்க மட்டும் முடியாது. கழிப்பதற்கு நல்ல சோதனை, செலவும் இல்லை. ஒரு காலன் கேன்களை இடைவெளி இல்லாமல் ஒட்டி, மூடி வரை நிரப்பி வையுங்கள். பாதி நிரம்பிய கேனில் குண்டு காற்றில் போகிறதா தண்ணீரில் போகிறதா என்றே தெரியாது.

பத்துசதவீதம்:
ஜெலட்டின் பக்குவம் நான் சொல்கிறேன். 250 புளூம் (ஜெலட்டினின் உறுதி அளவு), ஏ வகைப் (அமிலத்தில் பதப்படுத்திய) பொடி. எடைக்கு எடை ஒரு பங்கு பொடி, ஒன்பது பங்கு தண்ணீர். 1 கிலோ பொடியும் 9 கிலோ தண்ணீரும் சேர்ந்தால் 6×6×16 அங்குலக் கட்டி ஒன்று வரும். கானிக்கலுக்கு ஒரு கட்டி போதாது. இரண்டை வரிசையாக ஒட்டி வைத்து, பின்னால் நனைத்த செய்தித்தாள் கட்டு, அதற்கும் பின்னால் மண்மேடு.

பொடியைக் குளிர்ந்த நீரில் தூவி இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, பிறகு மெல்லச் சூடாக்குங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது. தாண்டினால் ஜெலட்டினின் பிடிப்பு உடைந்துவிடும். பார்வைக்குக் கட்டி நன்றாக இருக்கும், குண்டு மட்டும் தேவைக்கு மேல் ஆழமாகப் போகும். வேகமாகக் கலக்கினால் நுரை கட்டும். லவங்கப்பட்டை எண்ணெய் சில சொட்டு விட்டால் நுரையும் அடங்கும், பூஞ்சையும் பிடிக்காது. உறைந்தபின் 4 டிகிரியில் வைத்து, நடுப்பகுதி வரை அந்தக் குளிர் இறங்கிய பிறகே வெளியே எடுங்கள்.

இதைவிட முக்கியம் அளவுத்திருத்தம். 0.177 அங்குல எஃகு பிபி குண்டை (சிறு உருண்டை) ஏர்கன்னில் (காற்றுத் துப்பாக்கி) 590 அடி/வினாடி வேகத்தில், 15 கூடக்குறைய, கட்டியின் ஓரமாகச் சுடுங்கள். 8.5 செ.மீ. ஆழம் வர வேண்டும், 1 செ.மீ. வரை ஏறலாம் இறங்கலாம். சான்பிரான்சிஸ்கோ லெட்டர்மன் ராணுவ ஆய்வு நிலையத்தில் மார்ட்டின் ஃபேக்லர் 1980-களில் வகுத்த முறை இது. பிபி ஆழத்தைக் குறிப்பிடாமல் ‘ஜெலட்டினில் 24 அங்குலம் போனது’ என்று எழுதப்படும் எண்ணை நம்பி எதுவும் செய்ய முடியாது. வெயிலில் கட்டி இளகும். எடுத்த அரை மணிக்குள் சுட்டு முடியுங்கள்.

கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் செயற்கை ஜெல் உருக்கி உருக்கிப் பயன்படுத்த வசதியானது. இரண்டு குண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். அதில் வந்த அங்குலத்தை 10 சதவீத ஜெலட்டின் அங்குலத்தோடு சேர்த்துப் பேசக் கூடாது.

ஒவ்வொரு வெடிக்கும் எழுதி வைக்க வேண்டியவை: வேகம், குண்டின் முனை நின்ற ஆழம், விரிசல் அகலமாகத் தொடங்கும் இடம், எடுத்த குண்டின் எடை, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டங்கள். விட்டத்தைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். 0.50 குண்டு 0.75-ஆக விரிந்தால் முகப்பரப்பு 2.25 மடங்கு. அந்த அளவுக்கு ஆழம் குறையும். எல்க்கின் தோளைத் தாண்டி இரண்டு நுரையீரலும் துளைபட வேண்டும் என்றால், பெரிதாகப் பூத்த குண்டுதான் நல்ல குண்டு என்ற எண்ணத்தையே விட வேண்டியிருக்கும். என் தேர்வு, அளவாக விரிந்து எடை இழக்காத தட்டை மூக்கு.

ஒரு குண்டுக்கு ஒரு வேகத்தில் மூன்று வெடியாவது போடுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் நடுவே குழாயை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்துணி. கரி படியப் படிய வேகம் மாறும், ஒப்பீடு கெடும். குரோனோகிராஃபை 15 அடி முன்னால் வையுங்கள். கிட்டே வைத்தால் புகையையும் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைக்கும் கம்பளித் தக்கையையும் குண்டு என்று எண்ணிக்கொள்ளும்.

வடக்குத்துவக்கு:
செய்தித்தாள் பற்றி ஒரு சொல். ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, வடியவிட்டு, இறுக்கிக் கட்டுங்கோ. நடுவிலை காய்ந்த தாள் இருந்தால் குண்டு அதிலை மரத்திலை பட்டது போலை நசியும். ஈரத்தாள் விரிந்த குண்டின்ரை இதழ்களைச் சுரண்டிப் பிய்க்கும், ஆழமும் ஜெலட்டினை விடக் குறைவாய் வரும். பக்கத்திலை பக்கத்திலை வைத்து ஒப்பிட மட்டும் பாவியுங்கோ.

துணி சுற்றிக் கெட்டிக்கிற உருண்டைக் குண்டுக்காரரும் இதை வாசிப்பினம் எண்டதாலை சொல்லுறன். 0.490 உருண்டை 177 கிரெய்ன்தான். வாயிலை 1,900 இருந்தாலும் 100 கெஜத்திலை 1,000-ஐ ஒட்டி வந்திடும். கிட்டச் சுட்டால் நாணயம் போலைத் தட்டையாகிக் குறைவாய்ப் போகும், தூரத்திலை உருண்டையாவே இருந்து கூடப் போகும். வேகம் கூடினால் ஆழமும் கூடும் எண்ட கணக்கு மென்ஈயத்துக்குச் சரிவராது.

வார்க்கிற ஈயத்தையும் பாருங்கோ. தூய ஈயம் பிரினெல் (கடினத்தன்மை அளவு) 5, 20:1 கலவை 10 அளவு. நகத்தாலை கீறினால் தூய ஈயத்திலை கோடு விழும். பழைய டயர் எடைக்கட்டியை உருக்கி வார்த்துவிட்டுத் தூய ஈயம் எண்டு நினைச்சுச் சோதிச்சால் முழுச் சோதனையும் பிழை.

பாறைமலை:
மிக்க நன்றி. அப்படியென்றால் தண்ணீரில் 1,100-இல் கழித்துவிட்டு, மிஞ்சுவதை மட்டும் ஜெலட்டினில் போடுகிறேன். எலும்பை எப்படிச் சேர்ப்பது? தோள்பட்டையில் பட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும்.

ஈயம்327:
கசாப்புக் கடையில் மாட்டுத் தோள்பட்டை எலும்பைப் பச்சையாக வாங்குங்கள். வெந்ததும் காய்ந்ததும் நொறுங்கும், உதவாது. கட்டியின் முகத்தில் எலும்பின் தட்டைப் பகுதியை ஒட்டி வைத்து, அதன்மேல் முடியோடு ஒரு துண்டுத் தோல் கிடைத்தால் போர்த்துங்கள். முடியும் தோலும் குழிக்குள் அடைத்துக்கொண்டு குழி மூக்கு விரியாமல் போவது வெறும் ஜெலட்டினில் தெரியாது. எலும்புக்கு எலும்பு தடிமன் மாறுவதால் வெடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஒவ்வொரு எலும்பிலும் குண்டு பட்ட இடத்தின் தடிமனை அளந்து எழுதுங்கள். எலும்பு வைத்த வெடிகளின் ஆழத்தை எலும்பில்லாத வெடிகளோடு சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.