இருபது நிமிடத்தில் உறையாத ரத்தம்: பாம்புக்கடி, காயம், பொருக்கு – உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தொடங்கியவர்: செவிலியர், டெல்டா மாவட்ட அரசு மருத்துவமனை

அறுவடை நேரத்தில் எங்கள் வார்டுக்குப் பாம்புக்கடி அதிகம் வரும். அப்படி வந்த ஒரு பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். வரப்பில் கண்ணாடி விரியனை மிதித்துவிட்டார். கால் வீங்கி, வலியில் துடித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் காலைப் பார்க்க, எனக்குக் கண் போனது அவர் தாடைக்கு. காலையில் சவரம் செய்தபோது பட்ட சிறு கீறல் அது. காய்ந்து பொருக்கு தட்டிய அந்த இடத்திலிருந்து மறுபடியும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஈறிலும் சிவப்பு. விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே போதுமான அறிகுறி.

உடனே சோதனை போட்டோம். ரத்தக்குழாயிலிருந்து 2 மி.லி. ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடி டெஸ்ட் டியூபில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல ரத்தமென்றால் உறைந்த தயிர் போல அசையாமல் நிற்கும். அவருடையது தண்ணீராக ஓடியது. டியூப் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். கண்ணாடிப் பரப்பு பட்டால்தான் உறைதல் காரணிகள் (ரத்தத்தை உறையவைக்கும், எண்ணிட்டு அழைக்கப்படும் புரதங்கள்) சரியாகத் தூண்டப்படும், பிளாஸ்டிக்கில் அப்படி நடக்காது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய டியூபும் ஆகாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

விரல் அறுபட்டால் உடம்பு என்ன செய்கிறது? முதலில் ரத்தக்குழாய் சுருங்கும். தட்டணுக்கள் அறுந்த இடத்தில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைந்து, அவசரத்துக்கு ஓர் அடைப்பைப் போடும். பின்னாலேயே உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்டி த்ராம்பின் என்ற நொதியை உண்டாக்கும். பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை அந்த த்ராம்பின் ஃபைப்ரின் இழைகளாக மாற்றும். சிவப்பணுக்கள் அந்த இழைகளில் சிக்கிக் கட்டியாகும். அது இறுகிக் காய்ந்தால் பொருக்கு.

விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பத்தாவது, ஐந்தாவது காரணிகளை அது நேராகவே தூண்டிவிடும். தேவையே இல்லாத இடங்களில் ஃபைப்ரின் உண்டாகி, உண்டான வேகத்தில் கரைந்தும் போகும். 100 மி.லி. பிளாஸ்மாவில் 200 முதல் 400 மி.கி. இருக்க வேண்டிய ஃபைப்ரினோஜன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். அதன்பிறகு ஒரு சிறு கீறலை அடைக்கக்கூட உடம்பில் சரக்கு இல்லை.

அதனால்தான் கடிவாயைக் கத்தியால் கீறாதீர்கள் என்று கெஞ்சிச் சொல்கிறோம். உறையாத ரத்தம் உள்ளவருக்கு நாமே இன்னொரு காயம் போடக் கூடாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். காலை அசைக்காமல் 108-இல் கூட்டி வாருங்கள். இன்னொன்று: ரத்தம் உறைந்துவிட்டால் விஷமே ஏறவில்லை என்று முடிவு கட்ட முடியாது. நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை. அவை கடித்தால் இந்தச் சோதனையில் ரத்தம் வழக்கம்போல உறையும், ஆனால் கண் இமை சொருகத் தொடங்கும்.

பெரியவருக்கு விஷமுறிவு மருந்து ஏறியது. 6 மணி நேரம் கழித்து மறுபடி டியூபைச் சாய்த்தபோது ரத்தம் நகரவில்லை. மருந்து விஷத்தைக் கட்டும், அவ்வளவுதான். புது ஃபைப்ரினோஜனைக் கல்லீரல்தான் சுரக்க வேண்டும், அதற்குத்தான் இந்த அவகாசம்.

பதில்: கடிபட்டவரின் மகள், திருவண்ணாமலைப் பக்கம்

அக்கா, எங்கள் அப்பாவுக்கும் இதே விரியன்தான். நாங்கள் முதலில் போன இடத்தில் மருந்து இருப்பில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஊர் போய்ச் சேர்வதற்குள் ஊசி குத்திய இடமெல்லாம் ரத்தம். பஞ்சை எடுத்தால் நிற்கவே இல்லை. அந்தப் பயணத்தை இன்றும் நினைக்கவே பயமாக இருக்கிறது. மருந்து ஏறியபிறகு அதே ஊசித் துளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்ததைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்.

அந்த மருந்து எப்படி வருகிறது என்று பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்துதான் மருந்து. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் அதைக் கொண்டாடினோம்.

ஒரு சந்தேகம் அக்கா. அப்பா கடிவாயில் உள்ள பொருக்கை நோண்டிக்கொண்டே இருக்கிறார். பரவாயில்லையா?

பதில்: கோயம்புத்தூர்

என்னைப் பாம்பு கடிக்கவில்லை, ஆனால் கண்ணாடி விரியன் விஷம் என் வாழ்க்கையிலும் வந்தது. கரு தங்காமல் போய்க்கொண்டே இருந்தது. ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் "ரஸ்ஸல்ஸ் வைப்பர் வெனம் டைம்" என்று ஒரு வரி. பயந்துபோய் லேப்பில் கேட்டேன். அங்கிருந்த தம்பி பொறுமையாக விளக்கினார். நீர்க்க வைத்த விரியன் விஷத்தை டியூபில் உள்ள பிளாஸ்மாவில் சேர்ப்பார்களாம். விஷம் பத்தாவது காரணியை நேரே தூண்டுவதால், உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று துல்லியமாக அளக்கலாம். எனக்கு நேரம் கூடுதலாக வந்தது. என் ரத்தத்தில் இருந்த ஓர் எதிர்ப்பொருள்தான் காரணமாம். டியூபில் மெதுவாக உறையவைக்கும் அதே எதிர்ப்பொருள், உடம்புக்குள் தேவையில்லாத கட்டிகளை உண்டாக்குமாம். கேட்டபோது தலை சுற்றியது. ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தார்கள். இப்போது மகள் பள்ளிக்குப் போகிறாள்.

1930-களில் இங்கிலாந்தில் மக்ஃபார்லேன் என்ற மருத்துவர், ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) நோயாளிகளின் காயத்தில் ரத்தத்தை நிறுத்த இதே விஷத்தை நீர்க்கச் செய்து மேலே வைத்திருக்கிறார் என்றும் பின்னர் படித்தேன்.

தொடங்கியவரின் பதில்

தங்கச்சி, அப்பாவை நோண்ட விடாதே. பொருக்கின் அடியில் ஓரங்களிலிருந்து புதுத்தோல் ஊர்ந்து வந்து மூடிக்கொண்டிருக்கும். பிய்த்தால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். வேலை முடிந்ததும் தானே உதிரும். ஆனால் விரியன் கடித்த இடத்தில் கறுப்பாகத் தெரிவதெல்லாம் பொருக்கு இல்லை. சதை செத்தும் கறுத்துப் போகும். தொட்டால் உணர்ச்சி இல்லை, நாற்றம், சீழ், சுற்றிலும் சிவப்பு என்று இருந்தால் நாளைக்கே சர்ஜனிடம் காட்டு. சிறுநீர் குறைகிறதா என்றும் பார்த்துக்கொள். விரியன் விஷம் சிறுநீரகத்தையும் பாதிக்கும், டிஸ்சார்ஜ் ஆனபிறகும் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்க்கச் சொல்வது அதனால்தான்.