மறு: ‘லிக்யூர்’ தமிழில் என்ன?

> ‘இன்னூறல்’ என்று வைக்கலாமே. பழத்தை ஊற வைத்துத்தானே செய்கிறார்கள்?

அண்ணா, செய்முறைக்குப் பொருந்துகிறது. ஆனால் செய்தித்தாளில் ‘ஊறல்’ என்றாலே கள்ளச்சாராயத்துக்குப் போட்டு வைத்த பானைதான். ‘ஊறல் அழிப்பு’ என்று படித்துப் பழகியவர்களுக்கு லிக்யூர் என்ற இனிப்பு மது மனதில் வராது.

‘தீந்தேறல்’ காதுக்கு அழகு. ஆனால் புறநானூறு 56இல் நக்கீரர் பாடும் யவனர் தேறல் புளிக்க வைத்த மது. அந்தச் சொல்லை ஒயினுக்கே விட்டுவைப்போம்.

குன்னூரில் இந்த வேறுபாடு எனக்கு அன்றாடம் எதிர்ப்படுகிறது. பிளம்ஸ் வரத்து தொடங்கியதும் ஒரு வீட்டில் பழத்தோடு சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். அடுத்த வீட்டில் அதே பழத்தைச் சர்க்கரையோடு பிராந்தியில் ஊறப் போடுவார்கள். இரண்டையும் ‘ஹோம்மேட் ஒயின்’ என்றுதான் நீட்டுவார்கள். முதலாவதுதான் ஒயின். இரண்டாவது லிக்யூர் வகை: காய்ச்சி வடித்த மது, அதில் பழத்தின் மணம், கூடவே சர்க்கரை. ஐரோப்பிய ஒன்றிய விதியில் பொதுவாக லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரையும் 15 சதவீத ஆல்கஹாலும் வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘இன்சாரம்’. இன்சொல் போல வாயில் எளிதாக வரும். ‘இன்’ சர்க்கரையைச் சொல்லிவிடுகிறது. ஆல்கஹாலுக்கு இலங்கைத் தமிழில் ‘மதுசாரம்’ ஏற்கெனவே புழங்குகிறது. கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு குழம்புமா? முன்னால் ‘இன்’ இருக்கும்போது குழம்பாது.

உட்பிரிவில்தான் கவனம் வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த பாரில், ‘கிர்’ என்ற ஒயின் காக்டெயிலின் செய்முறை அட்டையில் கிரெம் டி கசிஸை (பிளாக்கரன்ட் பழ லிக்யூர்) ‘கசிஸ் கிரீம்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த தம்பி 90 மி.லி. வெள்ளை ஒயினில் 10 மி.லி. பால் கிரீமை ஊற்றிவிட்டான். ஒயினின் புளிப்பில் அது திரிந்து, கிளாஸ் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டியது. திட்டு அவனுக்கு விழுந்தது. தப்போ அட்டையில் இருந்தது. இது இன்னும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் ‘கிரெம்’மில் பாலே கிடையாது. அது சர்க்கரைச் செறிவைக் குறிப்பது: லிட்டருக்குக் குறைந்தது 250 கிராம், கசிஸுக்கு மட்டும் 400. அதைச் ‘செறி இன்சாரம்’ என்போம். ஐரிஷ் கிரீம் மாதிரி நிஜமாகவே பாலேடு சேர்ந்தது ‘பாலேட்டு இன்சாரம்’.

அப்புறம், உங்கள் சொற்பட்டியலில் வெர்மூத்தையும் லிக்யூரின் கீழே போட்டிருக்கிறீர்கள். அது ஒயினில் மூலிகை மணமூட்டிச் செய்வது. தயவுசெய்து தேறல் பக்கம் மாற்றிவிடுங்கள்.