பெரியப்பாவின் 43 குறிப்பேடுகள்

மூர்த்தி (வெள்ளி, காலை 6.10): அனைவருக்கும் காலை வணக்கம். அண்ணனின் மாடி அறையை ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். துணிமணிகளும் மேசையும் போய்விட்டன. மிச்சம் இருப்பவை இரண்டு தகரப் பெட்டிகள்; அவற்றுள் அண்ணன் பறவைகளைப் பார்த்துக் குறித்து வைத்த 43 குறிப்பேடுகள். முதல் ஏடு 1979இல் தொடங்குகிறது, கடைசி ஏடு இந்தப் பிப்ரவரியில் பாதியில் நிற்கிறது. நான்காவது, ஐந்தாவது ஏடுகளின் முதுகைக் கரையான் அரித்திருக்கிறது. என் வீட்டில் இடமில்லை. யாருக்கு வேண்டும் என்று இன்றே சொல்லுங்கள். யாரும் கேட்காவிட்டால் பழைய தாளோடு போட்டுவிடுவேன்.

வசந்தா: அப்படிச் செய்துவிடாதே, மூர்த்தி. அண்ணன் நினைவாக ஆளுக்கு இரண்டு மூன்று ஏடுகளாக எடுத்துக்கொள்ளலாம்.

இளங்கோ: பைனாகுலர் யாருக்கு என்று முடிவாகிவிட்டதா?

மூர்த்தி: அதைப் பிறகு பேசலாம்.

கயல்: சித்தப்பா, தயவுசெய்து பெட்டிகளைத் தொடாதீர்கள். அத்தை, பிரித்துக் கொடுப்பதும் வேண்டாம். ஏன் என்று சற்று விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பரத்பூரின் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் பாறுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, எண்ணிக் குறித்து வைத்திருந்தார். அப்போது பாறு எங்கும் கண்ணில் படும் பறவை, அதைப் போய் யார் எண்ணுவார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து அதே இடத்தில் மறுபடி எண்ணியபோதுதான் அவை மறைந்துகொண்டிருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. முதல் கணக்கு எழுதப்படாமல் போயிருந்தால் இரண்டாவது கணக்கை எதனோடு ஒப்பிட்டிருப்பார்கள்? காரணம் 2004இல் வெளியானது. கால்நடைகளின் வலிக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபினாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்துக்கொண்டிருந்தது. 2006இல் கால்நடை மருத்துவத்தில் அது தடை செய்யப்பட்டது. ஆனால், இந்தியாவில் 1992இல் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் 2007இல் மிஞ்சியிருந்தது.

மூர்த்தி: படிக்க வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஆய்வாளர். நம் அண்ணன் காலையில் குளக்கரைக்குப் போய்விட்டு அலுவலகம் சென்ற மனிதர்.

கயல்: ஆய்வாளர் அல்லாதவர்கள் வைத்திருந்ததும் பயன்பட்டிருக்கிறது, சித்தப்பா. பிரிட்டனில் பொரி வல்லூறுகளின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்துகொண்டிருந்தன. டெரெக் ராட்கிளிஃப் என்பவர், முட்டை சேகரிப்பது பலருக்குப் பொழுதுபோக்காக இருந்த காலத்தில் அவர்கள் பெட்டிகளில் சேர்த்து வைத்த பழைய முட்டைகளை எடுத்து அளந்து, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்திருப்பதை 1967இல் வெளியிட்டார். டி.டி.டி. பூச்சிக்கொல்லிதான் அதற்குக் காரணம். முட்டை திருடுவது இன்று குற்றம், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகளை யாராவது குப்பையில் கொட்டியிருந்தால் அந்தச் சான்று இருந்திருக்காது.

இளங்கோ: பெரியப்பாவின் ஏடுகளில் என்னதான் இருக்கிறது, அக்கா?

கயல்: ஒரே குளம், ஒரே கரை, 40 ஆண்டுகளுக்கு மேல். நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று, நீர்மட்டம், பார்த்த பறவைகள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை. நத்தைகுத்தி நாரையையும் எழுதியிருக்கிறார், காக்கையையும் எழுதியிருக்கிறார். எதுவும் வராத காலைகளில், 'ஒன்றரை மணி நேரம் நின்றேன், நீரில் ஒரு பறவையும் இல்லை' என்று அதையும் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வரிகள்தான் மிகவும் பெரியவையாகத் தெரிகின்றன. ஏனென்றால் அரிய பறவையைக் கண்டால் எவரும் எழுதிவிடுவார்கள், இல்லை என்பதை எழுதி வைப்பவர்கள் மிகச் சிலர்.

கயல்: இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 30,000 பறவை ஆர்வலர்கள் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் இட்ட மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளிலிருந்து எழுதப்பட்டது. அதில் மதிப்பிடப்பட்ட 942 இனங்களுள் நீண்டகாலப் போக்கு இன்னது என்று சொல்ல முடிந்தது 338 இனங்களுக்கு மட்டுமே. அவற்றில் 60 விழுக்காடு குறைந்துகொண்டு வருகின்றன. மற்ற இனங்களுக்குப் போதிய பழைய பதிவு இல்லை. அந்தப் பழைய பதிவுதான் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கரையானுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வசந்தா: இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, கயல்.

மூர்த்தி: சரி, தாளோடு போடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாறாது.

இளங்கோ: பெரியப்பா மொத்தம் எத்தனை இனங்கள் பார்த்தார்? நான் ஓராண்டில் 61 பார்த்துவிட்டேன்.

கயல்: அவர் கூட்டிப் பார்க்கவே இல்லை, இளங்கோ. பட்டியல் வளர்ப்பதைக் குறைவாகவும் நினைத்தவர் அல்லர். ஃபீபி ஸ்னெட்ஸிங்கரின் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார்! 1981இல் அவருக்குப் புற்றுநோய், ஓராண்டுகூடத் தாங்காது என்றார்கள். அவர் பைனாகுலரை எடுத்துக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பினார். 8,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கண்ட முதல் மனிதர் ஆனார். 1999இல் மடகாஸ்கரில் பறவை தேடிச் சென்ற பயணத்தில் வாகன விபத்தில் இறந்தார்.

மீனா: அப்பாவுக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஃபீபிக்கு நான்கு குழந்தைகள். அவர்கள் அந்தப் பதினெட்டு ஆண்டுகளை எப்படிக் கழித்தார்கள் என்று அப்பா ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வசந்தா: மீனா, அதை இப்போது எடுக்க வேண்டாம், கண்ணு.

மீனா: நான் கோபத்தில் சொல்லவில்லை, அத்தை. என் பட்டமளிப்பு நாளில் அப்பா கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிடும் முகாமில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. கயல், அந்த நாளின் பக்கத்தை எனக்குப் படித்துச் சொல்வாயா? சித்தப்பா படமெடுத்து அனுப்பினால் போதும்.

மூர்த்தி: 22ஆம் ஏட்டில் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன்.

கயல்: மீனா அக்கா, உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் உங்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதிகாலை வலையில் விழுந்த கொசு உள்ளான்களைப் பற்றித்தான் முழுப் பக்கமும் இருக்கிறது. இறக்கையின் நீளம், எடை, காலில் இட்ட வளையத்தின் எண், பறக்கவிட்ட நேரம். அவ்வளவுதான்.

மீனா: தெரியும். அன்று இரவு தொலைபேசியில் என்னிடம் வாழ்த்து சொல்லிவிட்டு, அடுத்த அரை மணி நேரம் அந்தக் கொசு உள்ளானைப் பற்றித்தான் பேசினார். இருபது கிராம் சொச்சம் எடையுள்ள உடம்பு, ஆர்க்டிக் கரையில் முட்டையிலிருந்து வந்தது, தன் உள்ளங்கையில் இதயம் துடிக்கக் கிடந்தது என்று சொன்னார். வளையத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி எழுதியிருக்கும், எங்கேயாவது யாராவது படிப்பார்கள் என்றார். அவர் குரல் நடுங்கியது. அந்தப் பக்கம் எனக்கு வேண்டும். பிரதி போதும், மூல ஏடு சேர்ந்தே இருக்கட்டும்.

இளங்கோ: குரல் செய்தி அனுப்பலாமா? தட்டச்சு செய்து முடியவில்லை.

மூர்த்தி: கூடாது. இந்தக் குழுவில் முழு வாக்கியமாக எழுத வேண்டும் என்பது அண்ணன் வைத்த விதி. களத்தில் சுருக்கி எழுதிய குறிப்பு ஓராண்டு கழித்து எழுதியவனுக்கே புரியாது என்பார்.

கயல்: அதனால்தான் எனக்கு ஒரு குழப்பம். சுருக்கெழுத்தே பிடிக்காத பெரியப்பா, கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஏடுகளில் சில பறவைகளின் பக்கத்தில் மட்டும் 'ல' என்று ஒற்றை எழுத்தைப் போட்டிருக்கிறார். அதன் பொருள் யாருக்காவது தெரியுமா?

இளங்கோ: ஏதாவது இடத்தின் பெயராக இருக்கலாம்.

மூர்த்தி: அப்படித் தொடங்கும் ஊர் எதற்கும் அவர் அடிக்கடி போனதாக எனக்கு நினைவில்லை.

சேகர்: தாமதமாகத்தான் படித்தேன். கயல், ஏடுகளை ஈபேர்டில் ஏற்றுவதாக இருந்தால் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கூடுகள் இருந்த இடங்களைக் குறித்த எந்தப் பக்கத்தையும் பொதுவில் வைக்க வேண்டாம். கொம்பன் ஆந்தை அடையும் பாறையைப் பற்றி 31ஆம் ஏட்டில் வரைபடமே இருக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

வசந்தா: இதைச் சொல்ல உனக்குத்தான் உரிமை இருக்கிறது, சேகர்.

சேகர்: அம்மா சொல்வது புதியவர்களுக்குப் புரியாது, நானே எழுதிவிடுகிறேன். மாமா எனக்கு மாங்குயிலின் கூடு ஒன்றைக் காட்டினார். நல்ல வெளிச்சத்தில் படம் வேண்டும் என்று, மறுநாள் அவரில்லாமல் போய், கூட்டை மறைத்திருந்த கிளையைக் கயிற்றால் இழுத்துக் கட்டினேன். படம் அருமையாக வந்தது. அவிழ்க்காமல் வந்துவிட்டேன். மாலையில் கூடு காலியாக இருந்தது, அண்டங்காக்கைகள் மரத்திலேயே உட்கார்ந்திருந்தன. மூன்று குஞ்சுகள். மாமா இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை, அது எனக்குத் தகும். அந்தப் படத்தை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. பறவையை வரவழைக்க அதன் குரலையே ஒலிக்கவிடுவதையும் அன்றிலிருந்து விட்டுவிட்டேன். தன் எல்லையில் வேறோர் ஆண் வந்துவிட்டதென்று அது இரைதேடுவதை விட்டுவிட்டு அலைகிறது, நமக்கு ஒரு படம் கிடைக்கிறது, இவ்வளவுதானே.

கயல்: சேகர் அத்தான், நீங்கள் சொன்னபடியே செய்யலாம். வேட்டையாலும் கடத்தலாலும் ஆபத்துள்ள இனங்கள் சிலவற்றின் சரியான இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடுகிறது. மற்றவற்றுக்கு நாம் கூடு பற்றிய வரிகளை ஏற்றாமல் விட்டுவிடலாம். பழைய நாள்களின் பட்டியலை ஏற்ற வழி இருக்கிறது, நாளும் இடமும் உறுதியாகத் தெரிந்தால் போதும். எண்ணிக்கை படிக்க முடியாத இடத்தில் ஊகித்து எண் எழுதாமல், பறவை இருந்தது என்பதை மட்டும் குறிக்கலாம். ஆனால் முதலில் எல்லாப் பக்கங்களையும் படமெடுக்க வேண்டும், கரையான் அரித்த இரண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

சேகர்: அந்த ஆந்தைப் பாறை வரைபடத்தைப் படமெடுக்கவே வேண்டுமா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

கயல்: படமெடுக்காவிட்டால் கரையான் தின்றுவிடும், அத்தான்.

சேகர்: இதை நேரில் பேசுவோம்.

வசந்தா: பைனாகுலரைச் சேகரின் மகளுக்குத் தருவதாக அண்ணன் என்னிடம் சொல்லியிருந்தார்.

மூர்த்தி: என்னிடம் இளங்கோவுக்கு என்றார்.

இளங்கோ: என்னிடமும் சொன்னார், அத்தை.

மூர்த்தி: ஒரு பக்கத்துக் கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. துடைத்துச் சரி செய்த பிறகு பார்ப்போம்.

லலிதா (இரவு 8.40): எல்லாவற்றையும் இப்போதுதான் படித்தேன். காலையிலிருந்து ஒருவரும் என்னைக் கேட்கவில்லையே என்று இருந்தது. அந்த 43இல் ஏறத்தாழப் பாதி என் கையெழுத்து. பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுத்தால் எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அறுபது வயதுக்குப் பிறகு உச்சமான ஒலிகள் அவர் காதுக்கு எட்டவில்லை. கதிர்க்குருவிகளின் மெல்லிய குரல் தலைக்கு மேலேயே கேட்டாலும் அவருக்குத் தெரியாது. நான் திசையைக் காட்டுவேன், அவர் அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்புவார். தான் கேட்காத ஒன்றைத் தன் பதிவாக எழுதுவது பொய் என்று சொல்லி, என் காதில் மட்டும் விழுந்த பறவைகளுக்குப் பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தை எழுதச் சொன்னார். அதுதான் அந்த 'ல'.

கயல்: பெரியம்மா, மன்னித்துவிடுங்கள். முதலில் உங்களிடம்தான் வந்திருக்க வேண்டும்.

மூர்த்தி: அண்ணி, எனக்கும் அது தோன்றாமல் போய்விட்டது.

லலிதா: பரவாயில்லை. மீனா, உன் பட்டமளிப்பு நாளில் நானும் அவரும் சண்டையிட்டுத்தான் பிரிந்தோம். அதன் பிறகுதான், இனி நீ போகும் இடத்துக்கெல்லாம் நானும் வருவேன் என்று அவரிடம் சொன்னேன். 2015இல் நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்துக்கு அப்படித்தான் போனோம். சைபீரியாவிலிருந்தும் வடகிழக்குச் சீனாவிலிருந்தும் தென்னாப்பிரிக்கப் பகுதிக்குச் செல்லும் அமூர் வல்லூறுகள் அங்கே இறங்கி, ஈசலைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, அரபிக் கடலை நிற்காமல் கடக்கின்றன. 2012இல் அங்கே வலை கட்டிப் பல்லாயிரக் கணக்கில் அவற்றைப் பிடித்தார்கள் என்று உலகமே அதிர்ந்தது. மறு ஆண்டே ஊர்க்காரர்கள் வலையை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் போன மாலையில், முன்பு வலை கட்டிய ஒருவர்தான் எங்களைக் கரைக்கு அழைத்துச் சென்றார். மேலே வானம் முழுக்க இறக்கைகள். அவர் எண்ணச் சொன்னார், நான் எழுத முடியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். 36ஆம் ஏட்டில் அந்த நாள் எண்ணிக்கை இல்லாமல் இருக்கும். அதை யாரும் நிரப்ப வேண்டாம்.

மீனா: அம்மா, இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை.

லலிதா: நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாளை பேசு.

கயல்: பெரியம்மா, பட்டியலை ஏற்றும்போது பார்த்தவர்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது. எந்த ஏட்டிலிருந்து இரண்டு என்று இட வேண்டும்?

லலிதா: 23ஆம் ஏட்டிலிருந்து. பெட்டிகள் என்னிடம் வரட்டும், நீ இங்கே வந்து படமெடு. வசந்தா, உன் வீட்டில் என் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி வைக்கலாம் அல்லவா?

வசந்தா: ஒன்று தாராளமாக வைக்கலாம், அண்ணி. இரண்டாவதற்கு இடம் இருக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

சேகர்: அத்தை, அந்த ஆந்தை வரைபடத்தை என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

லலிதா: அந்தப் பாறையை நான் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன், சேகர். அழைத்துப் போ. பிறகு சொல்கிறேன்.

மூர்த்தி: ஞாயிறு காலை 7 மணிக்கு ஒரு பெட்டியைக் கொண்டு வருகிறேன். இன்னொன்றுக்கு என்ன செய்வது என்று நாளைக்குள் யாராவது எழுதுங்கள்.

லலிதா: முதலில் 43ஆம் ஏடு இருக்கும் பெட்டியைக் கொண்டு வா, மூர்த்தி. அதில் இன்னும் பக்கங்கள் மீதி இருக்கின்றன. இன்று மாலை 6.05க்குப் பின்பக்கத்து மரங்களிலிருந்து ஆறுமணிக்குருவி இரண்டு முறை கூப்பிட்டது, இந்தப் பருவத்தில் இதுதான் முதல் தடவை. ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன்.