டின்யனெல்லோ லேபிளில் "டேபிள் ஒயின்" என்று ஏன்?

கேள்வி: இத்தாலியின் அந்தினோரி குடும்பம் 1385 முதல் ஒயின் தொழிலில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் டின்யனெல்லோ என்ற தங்கள் சிவப்பு ஒயினின் 1971 புட்டியில் வெறும் டேபிள் ஒயின் என்று, அதாவது கடைநிலை வகைப் பெயரை, போட்டது ஏன்?

பதில் 1: தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, சட்டம்தான் காரணம். அப்போது கியாந்தி கிளாசிகோ (டஸ்கனி பகுதியின் சட்டப்படி வரையறுத்த ஒயின் பெயர்) என்று பெயர் போட்டால் வெள்ளைத் திராட்சையும் கலந்தே ஆக வேண்டும். பியேரோ அந்தினோரி அந்தப் பெயரையே விட்டுவிட்டு, சாஞ்சோவேசே என்ற சிவப்பு ஒயின் திராட்சையில் செய்த ஒயினைச் சிறிய ஓக் பீப்பாய்களில் முதிரவைத்தார், 1975 முதல் வெள்ளைத் திராட்சை அறவே கிடையாது.

பதில் 2: ஒயின் வல்லுநர் ஜாகோமோ தாகிஸை விட்டுவிட்டீர்களே, அவர் பங்கு பெரியது. கலவையில் சுமார் 80 சதவீதம் சாஞ்சோவேசே, மீதி இரண்டு வகை கேபர்னே திராட்சை.

கேட்டவர்: சரி, இப்போது எந்தப் பெயரில் வருகிறது?

பதில் 1: டோஸ்கானா ஐஜிடி, அதாவது விதிகள் தளர்வான டஸ்கனி வட்டார ஒயின் என்ற பெயர். கியாந்தி விதிகள் மாறிய பிறகும் திரும்பிப் போகவில்லை, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.